ஒன்பது வருட த்ரெட்டிங், மோவாயில் கருமை. இனி எதற்கு மாறலாம்?

சாமந்தி:

தோழிகளுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு 27 வயது. மாநிறம். பதினெட்டு வயதில் மேலுதட்டுக்கு த்ரெட்டிங் செய்ய ஆரம்பித்தேன். அப்போது மாதம் ஒருமுறை போனால் போதும். இரண்டு மூன்று வருடம் கழித்து மோவாயில் நாலைந்து முடி கம்பி போலத் தடித்து வந்தது. அதையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். இப்போது மோவாயிலும் தாடைக்கு அடியிலுமாக முப்பது முடிக்கு மேல் இருக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை த்ரெட்டிங், இடையில் வீட்டில் ட்வீசர். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முடியைவிட இப்போது என்னை அதிகம் வருத்துவது அது இருந்த இடம்தான். மேலுதட்டில் சாம்பல் பூத்தது போல ஒரு பட்டை. மோவாய் முழுக்கக் கரும்புள்ளி. சில முடி வெளியே வராமல் தோலுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. ஊசியால் கிளறி எடுக்கப் போய் இரண்டு இடத்தில் குழியே விழுந்துவிட்டது. சுத்தமாக எடுத்த அன்றைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் தாடை கருத்துத்தான் தெரிகிறது.

ரேசர் வைத்தால் ஆண்களுக்கு வருவது போலத் தாடி வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். லேசர் செய்துகொள், ஒரே தடவையில் முடிந்துவிடும் என்கிறாள் தோழி. முடி நீக்கும் கிரீம் வாங்கி வைத்து மூன்று மாதம் ஆகிறது, முகத்தில் போடத் துணிவு வரவில்லை. உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள், தோல் என்ன ஆனது?

வெண்பனி:

சாமந்தி, உங்கள் பதிவைப் படித்ததும் நான்கு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போல இருந்தது. எனக்கும் த்ரெட்டிங், ட்வீசர், அப்புறம் கருமை. நான் ரேசருக்கு மாறினேன். முகத்துக்கென்று விற்கும், ஒற்றை பிளேடு உள்ள சின்ன ரேசர்தான்.

குளித்து முடித்ததும் தோல் மெத்தென்று இருக்கும்போது, வாசனை இல்லாத ஜெல்லைத் தடவி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுப்பேன். ஒரே இடத்தில் இரண்டாவது தடவை போகமாட்டேன். அழுத்தவும் மாட்டேன். முடிந்ததும் மாய்ஸ்சரைசர். நான்கைந்து தடவைக்கு ஒரு பிளேடு. ரேசரைக் கழுவிக் காயவைத்து உலர்ந்த இடத்தில் வைப்பேன், ஈரமான குளியலறையில் விட்டுவிடுவதில்லை.

மூன்று மாதத்தில் புதிதாகக் கரும்புள்ளி வருவது நின்றது. பழையது மங்க ஒரு வருடம் பிடித்தது. முடி கூடவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆவாரம்பூ:

என் அனுபவம் வேறு. கல்லூரிக் காலத்தில் அவசரத்துக்கு ரேசர் வைத்தேன். இரண்டே நாளில் சொரசொரவென்று கைக்குத் தட்டுப்பட்டது. முன்பு மெல்லிசாக இருந்த முடி கறுத்துத் தடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மற்றவர்களுக்குச் சரிப்படலாம், ஆனால் அம்மா சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள் சாமந்தி. ஒருமுறை ஆரம்பித்தால் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.

நீலாம்பரி:

நான் தோல் மருத்துவம் படித்து அந்தப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு வாரம் பல பேர் வருகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆவாரம்பூ, சொரசொரப்பு உண்மைதான். நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அதன் காரணம் வேறு. வெட்டப்படாத முடி நுனியில் கூம்பிப் போய் மெல்லியதாக இருக்கும். ரேசர் அதைக் குறுக்கே வெட்டும்போது நடுத்தண்டின் முழுத் தடிமன் வெளியே நிற்கும். அது கைக்குக் குத்தும், கண்ணுக்கும் கறுப்பாகத் தெரியும். முடியை உண்டாக்குவது தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். மேலே வெட்டியது அதற்குத் தெரியவே வழியில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் 1928-லேயே இதை அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதினார். ஆனாலும் இந்த நம்பிக்கை போகாததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோர் ரேசரைத் தொடும் வயதும் ஹார்மோன்கள் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. எப்படியும் தடித்திருக்கக்கூடிய முடிக்கு ரேசர் மேல் பழி விழுகிறது.

இப்போது சாமந்தியின் கருமை. வேரோடு பிடுங்கும்போது ஒவ்வொரு முடியைச் சுற்றியும் ஒரு சிறு காயம் உண்டாகிறது. சிவப்பு, வீக்கம், சில நேரம் சீழ்க்கொப்புளம். தோலில் நிறமி தயாரிக்கும் செல்கள் அந்த அழற்சிக்குப் பதிலாக அதிக நிறமியைக் கொட்டுகின்றன. மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்தச் செல்கள் சுறுசுறுப்பானவை. அதனால் சிவப்பு இரண்டு நாளில் போனாலும் கருமை மாதக்கணக்கில் தங்கிவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை மறுபடி பிடுங்கினால் பழையது மங்குவதற்குள் புதியது சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு ஒன்பது வருடமாக நடப்பது இதுதான். பிடுங்கிய முடி மறுபடி வளரும்போது வாசல் அடைபட்டிருந்தால், அல்லது பாதியில் அறுந்திருந்தால், பக்கவாட்டில் தோலுக்குள் நுழைந்துவிடும். அதுதான் சுருண்டு கிடக்கும் முடி. ஊசியால் கிளறாதீர்கள், தயவுசெய்து. குழித் தழும்பு முடியைவிடக் கடினமான பிரச்சினை.

நான் முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன். மாதவிடாய் சரியாக வருகிறதா? தாடை ஓரம் பரு வருகிறதா? தலையில் நடு வகிடு அகலமாகிறதா? எடை கூடியதா? மோவாயில் முப்பது தடித்த முடி என்றால் எந்த முறையில் எடுப்பது என்பதோடு ஏன் வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சாமந்தி:

டாக்டர், மாதவிடாய் நாற்பது, ஐம்பது நாளைக்கு ஒருமுறைதான். சில நேரம் இரண்டு மாதம்கூட ஆகும். பரு உண்டு. இதற்கும் முடிக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. போகும் இடங்களில் எல்லாம் இன்னும் அடிக்கடி எடுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

நீலாம்பரி:

அப்படியானால் மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ இந்த மாதமே பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி நோய் என்கிறோமே, பிசிஓஎஸ், அது குழந்தைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பெண்ணுக்கு ஆண் பாணியில் முடி வளர மிகப் பொதுவான காரணம் அதுதான். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின், தேவைப்பட்டால் 17-ஹைட்ராக்சி ப்ரோஜெஸ்ட்ரோன், கூடவே சர்க்கரை என்று சில ரத்தப் பரிசோதனைகள் சொல்வார்கள். ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-ல் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உண்டு. அதை வைத்து மேலுதடு, மோவாய், மார்பு, வயிறு என்று இடம் இடமாக முடியின் அளவைக் குறித்துக்கொள்வார்கள். வெட்கப்படாமல் காட்டுங்கள்.

மருந்து கொடுத்தாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி மாத்திரையால் உதிராது. புதிதாக வருவதுதான் மெலியும், குறையும். அதனால் எடுக்கும் முறை ஒன்று கூடவே வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில மாதங்களுக்குள் திடீரென்று நிறைய முடி, கூடவே குரல் தடிப்பது, தசை கூடுவது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அபூர்வமாக சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருந்தாலும் இப்படி வரும்.

தேன்சிட்டு:

வேக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். எனக்குப் பருவுக்கு அடாபலீன் ஜெல் எழுதித் தந்திருந்தார்கள். தினமும் இரவில் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு விசேஷத்துக்கு முன்தினம் மேலுதட்டுக்குச் சூடான வேக்ஸ் போட்டுக்கொண்டேன். பட்டையை இழுத்ததும் முடியோடு தோலும் வந்துவிட்டது. மேலுதட்டின் பாதி பச்சைப் புண்ணாக, ஈரமாக மினுங்கியது. வேக்ஸ் போட்டவர் என்ன கிரீம் பூசுகிறாய் என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. காய்ந்து உதிர ஒரு வாரம், கருமை போக எட்டு மாதம். கண்ணாடி பார்க்கவே பயந்த நாட்கள் அவை.

அடாபலீன், ட்ரெட்டினாயின், ரெட்டினால் எது பூசினாலும் அந்த இடத்தில் வேக்ஸ் வேண்டாம். தோலின் மேல்படலம் பிடிப்பு விட்டுப் போயிருக்கும்.

நீலாம்பரி:

தேன்சிட்டு, நீங்கள் பட்ட வலி இன்னொருவருக்கு வராமல் இருக்க இதை எழுதியது பெரிய உதவி. கூடுதலாக ஒன்று. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு குறைந்தது ஆறு மாதமும் வேக்ஸ் பக்கமே போகக் கூடாது. தழும்பே விழலாம். உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர்களும் வேக்ஸ், லேசர் இரண்டுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த உரசலும் சூடும் அதைத் தூண்டிவிடும்.

மின்மினி:

சாமந்தி, அந்த கிரீமை முகத்தில் போடாமல் இருந்தது நல்லது. நான் போட்டேன். டப்பாவில் ஐந்து நிமிடம் என்று இருந்தது. முடி சரியாகப் போகவில்லை என்று பத்து நிமிடம் விட்டுவிட்டேன். மோவாயில் தீப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. அது கைகால்களுக்கு விற்கும் கிரீம் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

நீலாம்பரி:

அந்த கிரீம்களில் இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. முடியின் கெராட்டின் புரதத்தைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்து முடியைக் கூழாக்கிவிடும். வேலை செய்வதற்காக அதைக் கடுமையான காரத்தன்மையில், பிஎச் 12-ஐ ஒட்டி வைத்திருப்பார்கள். தோலின் மேல்படலமும் கெராட்டின்தான். நேரம் கூடினால் அதையும் தின்ன ஆரம்பிக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் முகத்துக்கென்று தயாரித்ததை மட்டும், முந்தைய நாள் தாடைக்கு அடியில் ஒரு சிறு இடத்தில் போட்டுப் பார்த்து, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கூட்டாமல். மோவாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் சாமந்திக்கு வேண்டாம்.

அலைகடல்:

நான் ஆண். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் சுருண்ட முடிப் பிரச்சினை எனக்கும் பத்து வருடமாக இருக்கிறது. கழுத்து முழுக்கக் கட்டி கட்டியாக, சில நேரம் சீழோடு வரும். வேலைக்குத் தினமும் மழித்துத்தான் போக வேண்டும். ஐந்து பிளேடு ரேசரால் முடிக்கு எதிர்த்திசையில், தோலை இழுத்துப் பிடித்து வழவழவென்று மழிப்பேன். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை என்று பிறகு தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். நிறைய பிளேடு இருந்தால் முதல் பிளேடு முடியைத் தூக்கி இழுக்க, அடுத்தது வெட்டும். வெட்டிய முனை தோலுக்குக் கீழே போய்விடும். கூர்மையான அந்த முனை வளைந்து உள்ளேயே குத்தும்.

இப்போது ரேசரை விட்டுவிட்டு ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுகிறேன். முதல் நான்கு வாரம் எதையும் தொடாமல் தாடி வளர்த்தேன். உள்ளே கிடந்த முடிகள் தாமாகவே வெளியே வந்துவிட்டன. கட்டிகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆக, ரேசர் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெண்பனி சொன்ன மாதிரி ஒற்றை பிளேடு, முடியின் திசை, அழுத்தாமல். இந்த மூன்றில் எதைத் தவறவிட்டாலும் என் கழுத்துதான் உங்களுக்கும்.

ஆவாரம்பூ:

நீலாம்பரி டாக்டர், நுனி கூம்பியிருக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வயதில் மாதவிடாயும் தாறுமாறாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் நான் ரேசரைக் குற்றம் சொன்னது சரியில்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்தச் சொரசொரப்பை நான் இன்றும் விரும்பமாட்டேன். நான்கு நாளைக்கு ஒருமுறை முகத்தை மழிப்பது மனதுக்கு ஒப்பவில்லை என்று சொல்கிறவர்களையும் மதிக்க வேண்டும். என் அக்காவுக்கு மழிக்கும் ஒவ்வொரு காலையும் அழுகை வரும்.

வெண்பனி:

ஒப்புக்கொள்கிறேன் ஆவாரம்பூ. எனக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஆகாது.

செங்காந்தள்:

லேசர் செய்தவள் பேசுகிறேன். ஒரே தடவையில் முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எனக்கு மேலுதடு, மோவாய்க்கு ஐந்து வாரத்துக்கு ஒன்றாக எட்டு தடவை ஆனது. பிசிஓஎஸ் இருப்பதால் இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை போகிறேன். தடித்த முடி நூற்றுக்கு எழுபது போய்விட்டது என்பேன். கருமையும் பாதி போனது, ஏனென்றால் பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். எனக்கு அது வாழ்க்கையைத் திருப்பித் தந்தது.

ஆனால் முதலில் போன இடம் சரியில்லை. எந்த இயந்திரம் என்று கேட்டால் லேசர்தான் என்றார்கள். உண்மையில் அது ஐபிஎல் என்ற வேறு ஒளிக்கருவி. இரண்டாவது தடவையில் கன்னத்தில் வரிவரியாகக் கொப்புளம். அப்புறம்தான் தோல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். என் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் என்று சொல்லி, முதலில் காதுக்குக் கீழே சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்தார்.

கயல்:

எனக்கு நேர் எதிர். கன்னத்தில் பூனைமுடிதான் இருந்தது, தடித்த முடி இல்லை. முகம் பளிச்சென்று இருக்கும் என்று சொல்லிக் கன்னம் முழுக்க லேசர் போட்டார்கள். நான்கு தடவைக்குப் பிறகு தாடை ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் முன்பு இல்லாத கறுத்த முடி வர ஆரம்பித்தது. ஹார்மோன் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். இல்லாததை வரவழைத்துக்கொண்டேனே என்ற வேதனை இன்னும் போகவில்லை.

நீலாம்பரி:

கயல், உங்களுக்கு நடந்ததற்குப் பெயர் இருக்கிறது. லேசருக்குப் பின் எதிர்மாறாக முடி கூடுவது. அபூர்வமாக வரும், ஆனால் வந்தால் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான். கறுத்த நிறம், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். முடியை அழிக்கப் போதாத குறைந்த சூடு மயிர்க்காலைத் தூண்டிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இதனால்தான் கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் யாருக்கு உதவும் என்பதும் தானாகப் புரியும். ஒளியைக் கறுப்பு நிறமி உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு மயிர்க்காலை அழிக்கிறது. ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரு மருத்துவர்கள் 1983-ல் எழுதிய கொள்கை இது. முடியில் நிறமி இல்லாவிட்டால், அதாவது நரைத்தோ பூனைமுடியாகவோ இருந்தால், பிடிக்க ஒன்றும் இல்லை. தோலில் நிறமி அதிகம் இருந்தால் முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோல் வாங்கிக்கொள்ளும். செங்காந்தளுக்குக் கொப்புளம் வந்தது அப்படித்தான். அலைநீளம் கூடக்கூட மேல்தோலின் நிறமி குறைவாக உறிஞ்சும், ஒளி ஆழமாகவும் போகும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரைவிட 1064 பாதுகாப்பு. ஐபிஎல் பல அலைநீளம் கலந்த ஒளி, லேசரே இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவிகளில் பலவும் ஐபிஎல்தான், கறுத்த நிறத்துக்கு வேண்டாம் என்று அவற்றின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

சாமந்தி லேசருக்குப் போவதானால் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே த்ரெட்டிங், ட்வீசர் எல்லாம் நிறுத்த வேண்டும். வேரைப் பிடுங்கிவிட்டால் லேசருக்கு அங்கே இலக்கே இல்லை. இடையில் ரேசர் வைக்கலாம், அது வேரைத் தொடாது. வெயிலில் கறுத்திருக்கும்போது போகாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்பு உறை போடாமல் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். புருவத்துக்குக் கீழே இமைப் பக்கம் யாரையும் லேசர் வைக்க விடாதீர்கள்.

தாமரை54:

என் பெயரில் இருக்கும் எண்தான் என் வயது. மாதவிடாய் நின்ற பிறகு மோவாயில் வெள்ளை முடி முளைக்க ஆரம்பித்தது, சிலது பன்றிமுள் மாதிரி. லேசர் கேட்கப் போன இடத்தில் அந்த மருத்துவர் நேர்மையாக, வெள்ளை முடிக்குப் பயனில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எலக்ட்ரோலிசிஸ் செய்துகொண்டேன்.

ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் விடுவார்கள். நேர்மின்னோட்டம் விட்டால் உள்ளே இருக்கும் உப்பு நீரிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகி வேரைக் கரைக்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் என்றால் சூட்டால் அழிக்கும். 1875-ல் சார்லஸ் மிஷேல் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமை முடிக்காகச் செய்ததுதான் இதன் தொடக்கம் என்று எனக்குச் செய்தவர் சொன்னார். முடியின் நிறமும் தோலின் நிறமும் இதற்குப் பொருட்டில்லை. நிரந்தரம் என்ற சொல்லையும் இதற்குத்தான் முழுதாகச் சொல்லலாமாம், லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முடியாகத்தான் போகும். நாற்பது முடிக்கு வாரம் கால் மணி நேரமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வலிக்கும். கைத்திறன் இல்லாதவர் செய்தால் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு விழும். ஊசி புதிதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், அவரும் முகம் சுளிக்காமல் உறையைப் பிரித்துக் காட்டுவார்.

முல்லைக்கொடி:

இடையில் ஒரு கேள்வி. என் மகளுக்கு 12 வயது. மேலுதட்டில் மெல்லிய முடி. வகுப்பில் பிள்ளைகள் மீசை என்று கேலி செய்கிறார்களாம். பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள். இந்த வயதில் எதையாவது செய்யலாமா?

நீலாம்பரி:

செய்யலாம் அம்மா. முதலில் அவளிடம் இது எல்லாப் பெண்களுக்கும் இருக்கும் ஒன்று, உன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லுங்கள். அவள் வேண்டும் என்றால் மட்டும், நீங்களே பக்கத்தில் இருந்து, ட்ரிம்மரோ முகத்து ரேசரோ வைத்துக் கொடுங்கள். வேக்ஸ், கிரீம், ப்ளீச் மூன்றும் இப்போது வேண்டாம். ப்ளீச் முடியை எடுக்காது, வெளுக்க மட்டும் செய்யும். மாநிறத் தோலில் மஞ்சள் முடி இன்னும் எடுப்பாகத் தெரியும், எரிச்சலும் தரும். தடித்த முடி மோவாயில் வந்தாலோ எட்டு வயதுக்கு முன்பே ஆரம்பித்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கேலியைப் பற்றி ஆசிரியரிடமும் பேசுங்கள், அது அவளுடைய முகத்தால் வந்த பிரச்சினை இல்லை.

தேன்சிட்டு:

கருமைக்கு என்ன பூசுவது என்று சாமந்தி கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறார் என்று தெரியும். யாரோ கொடுத்த வெளுக்கும் கிரீமை மட்டும் பூசாதீர்கள். எனக்கு வேக்ஸ் புண்ணுக்குப் பிறகு ஒருவர் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கண்ணாடி போல முகம். நிறுத்தியதும் சிவந்து எரிந்தது. அதைவிடக் கொடுமை, நான்கு மாதத்தில் கன்னத்தில் முடி முளைத்தது. டப்பாவைப் பார்த்த மருத்துவர் அதில் ஸ்டீராய்டு என்றார்.

நீலாம்பரி:

இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஸ்டீராய்டு கிரீமை முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், பூசிய இடத்தில் முடியும் வளரும். முடியால் வந்த கருமைக்கு அதைப் பூசி இன்னும் முடியை வரவழைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

கருமைக்கு முதல் மருந்து பிடுங்குவதை நிறுத்துவது. இரண்டாவது, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், தினமும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை கிடைத்தால் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுப்பைக் கூட்டும். மூன்றாவதாக அசெலாயிக் அமிலம், பருவுக்கும் சேர்த்து உதவும். முடிக்கே பூசும் எஃப்லோர்னிதின் என்ற கிரீமும் உண்டு. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுத்துவந்த மருந்து, 2000-ல் அமெரிக்காவில் முகத்து முடிக்கு அனுமதி பெற்றது. முடியை உதிர்க்காது, வளர்ச்சியை மெதுவாக்கும். பலன் தெரிய எட்டு வாரம், நிறுத்தினால் அதே அளவு நாளில் பழைய நிலை. லேசரோடு சேர்த்துப் பூசினால் நன்றாக உதவும்.

சாமந்தி (எட்டு மாதங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள், உறுதியாகச் சொல்ல ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பரிசோதனையில் பிசிஓஎஸ் என்று உறுதியானது. டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தது. மாத்திரை ஆறாவது மாதம் நடக்கிறது, மாதவிடாய் முறைப்பட்டிருக்கிறது. ட்வீசரை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். முதல் மூன்று வாரம் கஷ்டம். வெண்பனி சொன்னபடி ரேசர் வைத்தேன், மூன்று நாளுக்கு ஒருமுறை. சொரசொரப்பு உண்டு ஆவாரம்பூ, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சுருண்ட முடி வருவது ஏழாவது வாரத்தில் நின்றுவிட்டது.

லேசர் மோவாய்க்கும் தாடைக்கு அடியிலும் மட்டும், 1064. கன்னத்தையும் சேர்த்துச் செய்யலாம் என்று அங்கே இருந்த உதவியாளர் சொன்னார். கயலை நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டேன். இதுவரை நான்கு முறை. தடித்த முடி பாதிதான் குறைந்திருக்கிறது, இருப்பதும் மெலிந்திருக்கிறது. மேலுதட்டுப் பட்டை நன்றாகவே மங்கிவிட்டது. மோவாய்ப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஊசியால் வந்த இரண்டு குழியும் அப்படியேதான் இருக்கின்றன, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டுமாம்.

இன்னொன்று எழுத வேண்டும். போன வாரம் நான் ரேசரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார். ரேசரைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தன் மோவாயைத் தடவிக் காட்டி, இதற்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருபது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்கியிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. இப்போது பெரும்பாலும் வெள்ளை முடி. தாமரை அக்கா, எலக்ட்ரோலிசிஸ் போவதற்கு முன் பிடுங்குவதை எவ்வளவு நாள் நிறுத்தச் சொல்ல வேண்டும்?

தாமரை54:

இன்றையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள் மா. ஊசியை இறக்கவும் முடியைப் பிடிக்கவும் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். நீண்டு தெரிந்தால் கத்தரியால் நுனியை வெட்டிக்கொள்ளலாம், பிடுங்க மட்டும் கூடாது. பேஸ்மேக்கர் எதுவும் வைத்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் அம்மாவோடு நீங்களும் போங்கள். என்னோடு என் மகள் வந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.